அளக்காத நாள்

பிரியதர்ஷினிக்கு அந்தப் பேச்சு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ஆயுதபூஜைக்கு அடுத்த வாரம், ஓசூரில் அவள் வேலை பார்க்கும் கருத்தரிப்பு மையத்துக்கு மாவட்ட ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. மேலாளர் சிவராஜ் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே ஆய்வகத்துக்குள் வந்தார். கருக்களை உறைய வைத்திருக்கும் கேனில் திரவ நைட்ரஜன் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று தினமும் அளந்து எழுத வேண்டும். பூஜை நாளின் கட்டம் மட்டும் காலி.

அளப்பது பொற்கொடியின் வேலை. ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அளவுகோலைக் கழுவி, சந்தனம் தொட்டு, சாமி முன்னால் வைத்துவிட்டதாகவும், மறுநாள் பூஜை முடியும்வரை அதை எடுக்கத் தோன்றவில்லை என்றும் சொன்னாள். கேனையும் தூக்கிச் சாமிகிட்ட வைத்திருக்கலாமே என்று சிரித்துவிட்டு, பேனாவை நீட்டினார்.

“முந்தின நாள் இருபத்தெட்டு, அடுத்த நாள் இருபத்தாறு. நடுவுல இருபத்தேழுன்னு சின்னப்புள்ளகூட சொல்லும்.”

“சின்னப்புள்ள சொல்லட்டும் சார். கையெழுத்துப் போடுறவ நான். நான் அளக்கலையே.”

இந்த வேலை வேணுமா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் போனார்.

பொற்கொடி கல்யாணமாகிச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் முத்துக்குமார் வேலை செய்யும் வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடம் தரம் பார்த்திருக்கிறாள். அங்கே ஆயுதபூஜைக்கு மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு லைனை நிறுத்திவிடுவார்கள். கைக்குப் படிந்த அந்தப் பழக்கம்தான் இங்கே அவளை ஏமாற்றிவிட்டது. மற்ற நாட்களில் அவள் அளப்பதை நின்று பார்க்கப் பிரியதர்ஷினிக்குப் பிடிக்கும். கோலை நேராக இறக்கி, வெளியே எடுத்து, உறைபனி வெள்ளையாகப் படர்ந்து மட்டத்தைக் காட்டும்வரை பொறுத்திருப்பாள். இருபத்தாறரை என்றால் இருபத்தாறரைதான் எழுதுவாள்.

ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி காலிக் கட்டத்தில் விரலை வைத்ததும், சிவராஜ் வாயைத் திறப்பதற்குள் பொற்கொடி நடந்ததைச் சொல்லிவிட்டாள். அதிகாரி முன்பின் அளவுகளைப் பார்த்து, கருக்களுக்கு ஆபத்தில்லை என்றார். குறையை எழுதிக்கொண்டு, இன்னொரு கோல் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொற்கொடி, தலைமை மருத்துவர் சுஜாதாவிடம் போய், அந்தக் கேனில் கரு வைத்திருக்கும் ஒன்பது தம்பதிகளுக்கும் இதைத் தெரிவிக்க வேண்டும் என்றாள். ஒன்றும் ஆகாத விஷயத்துக்கு எதற்கு அவர்கள் வயிற்றில் புளியைக் கரைப்பது என்று சிவராஜ் தடுத்தார்.

“அது நம்ம பொருளா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

சுஜாதா தொலைபேசி எண்களை எடுத்துக் கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு வீட்டோடு பேசி முடித்தாள். வேப்பனப்பள்ளியில் ஒருவர் கண்டபடி திட்டினார். பாரூர்க்காரப் பெண் அழுது ஓய்ந்து, சொன்னதே போதும் என்றாள். மீதி இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னடக்காரர்கள். பொற்கொடி காகிதத்தை எடுத்துக்கொண்டு, போன் என்றாலே தயங்கும் பிரியதர்ஷினியிடம் வந்தாள்.

“என் கன்னடம் காய் வாங்கத்தான் ஆகும், பிரியா. நீ பள்ளிக்கூடத்துலயே படிச்சவ. இவங்க ரெண்டு பேருகிட்டயும் நீ பேசு. ஒரு நாள் அளக்கலைங்கிறத முதல்ல சொல்லு. ஒண்ணும் ஆகலைங்கிறத அப்புறம் சொல்லு.”