அரைமீசை வீட்டார்

யாங்கூனில் இறங்கி மூன்று நாளாகிறது. தாத்தாவின் தம்பி ஆரோக்கியசாமியின் வாரிசுகளைத் தேடி அலைகிறேன். அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. நாளை ஊருக்கு விமானம். ஆற்றைக் கடந்து வந்து டாலா படகுத்துறைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடை நடத்தும் மா கின் ஐம்பதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததுமே தமிழில் பேசுகிறார். சொந்தக்காரர்களைத் தேடி வந்தேன், பேர் சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை என்கிறேன்.

“இங்க அப்பா பேரு புள்ளைக்கு ஒட்டாது, தம்பி. நம்ம ஆளுகளும் பர்மாப் பேருதான் வச்சிருக்கோம். பட்டப்பேரு உண்டா? அதச் சொல்லிக் கேளுங்க.”

உண்டு. சொல்லத்தான் கூச்சம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவனைப் பள்ளிக்கூடத்தில் அடித்திருக்கிறேன்.

“அரைமீசை,” என்கிறேன் மெதுவாக. “எங்க சின்னத் தாத்தா மீசைய மழிச்சிக்கிட்டு இருக்கும்போதே பர்மாக் கப்பல் சங்கு ஊதிருச்சாம். பாதி மீசையோட எந்திரிச்சு ஓடிட்டாராம். நாங்க இன்னிக்கும் அரைமீசை வீடுதான்.”

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிடுகிறது.

“எந்தப் பக்கத்து மீசை போச்சு?”

“இடது பக்கம், அக்கா.”

“யாரு சொன்னா? வலதுதான்! எங்க தாத்தாவே எங்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு.”

உள்ளே திரும்பிப் பர்மிய மொழியில் சத்தம் போடுகிறார். அவருடைய தம்பிகள் இருவர் ஓடிவந்து, நான் யாரென்று கேட்பதற்கு முன்பே, “வலது!” என்கிறார்கள். நான் விடுவதாயில்லை. அக்கா என் முன்னால் மீன் சாறு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை வைத்து, தானும் முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு சண்டைக்கு உட்காருகிறார்.

நான் திரும்பிப் போகவேண்டிய படகு சங்கு ஊதுகிறது. இந்த முறை எங்கள் வீட்டில் யாரும் எழுந்து ஓடவில்லை.