தமிழ் தெரியாதவர் பார்த்த புரூஃப்

எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி இந்த வாரமும் வந்தது. கொல்கத்தா பவானிபூரில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் குழுவில் யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். 'இதை உங்ளாகல் படிக்க முகிடிறதா? அப்டியானால் உங்கள் மூளை அபாரம்!' கீழே வரிசையாகக் கைதட்டல்.

அபாரமாம். விட்டுப்போன எழுத்தைக் கேட்காமலே போட்டுக்கொள்ளும் மூளையோடு இருபத்தாறு வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் மல்லுக்கட்டியவன் நான். பிழை திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன மாதம் மகளின் கல்யாண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. அவர்களுக்கான பிரதிகள் அன்று மாலைக்குள் கூரியரில் போயாக வேண்டும். சம்பந்தி, பெயர் விஷயத்தில் கறாரானவர். நிச்சயதார்த்தத் தாம்பூலப் பையில் அவர் இனிஷியல் விட்டுப்போனதற்கே என் மனைவியிடம் அரை மணி நேரம் பேசினார்.

அச்சகக்காரர் வங்காளி. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. சென்னையில் தட்டச்சு செய்து வாங்கிய ஃபைலைத் தன் கணினியில் ஏற்றி, புரூஃப் எடுத்துக் கொடுத்தார். மூன்று முறை படித்தேன். பிழையே இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

"ஒரு நிமிஷம், தாதா" என்று வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துச் சொல்லி, நான் கையால் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் புரூஃபுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கை ஆள்காட்டி விரல்களும் இரண்டு தாள்களிலும் ஊர ஆரம்பித்தன.

"உங்களுக்குத்தான் தமிழே தெரியாதே. நான் மூணு தடவை படிச்சாச்சு. மெஷினை ஓட்டுங்க."

"நீங்க படிச்சீங்க. நான் எண்ணுறேன். ஜிலேபி பிழிஞ்ச மாதிரி ஒரு எழுத்து உங்களுக்கு. ஒண்ணு கீழே விழுந்தா எவனுக்குத் தெரியும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். கூரியர் கடை மூட ஒன்றரை மணி நேரம் இருந்தது. விரல்கள் சம்பந்தியின் பெயரில் நின்றன.

"இங்கே எட்டு. அங்கே ஏழு."

குனிந்து பார்த்தேன். பெயர் முழுதாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் முழுதாகத்தான் இருந்தது. அவர் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் பெயரை மறைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் காட்டினார். நடுவில் ஓர் எழுத்து இல்லை.

வாய் சும்மா இருக்கவில்லை. "மற்றதெல்லாம் சரி" என்றேன்.

அவர் விரல்களை அடுத்த வரிக்கு நகர்த்தினார். நான்கு வரி தள்ளி விரல்கள் மறுபடி நின்றன. அது என் மகளின் பெயர். நான் தேர்ந்தெடுத்த பெயர், வீட்டில் நாளைக்குப் பத்து முறை கூப்பிடும் பெயர். அதிலும் ஓர் எழுத்து விழுந்திருந்தது. மூன்று முறையும் நான் அதைப் போட்டுக்கொண்டே படித்திருக்கிறேன்.

பேனாவை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைசி வரிவரை அவர் எண்ணி முடித்த பிறகு, இரண்டையும் திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கூரியர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது அச்சான பிரதிகளோடு போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "சம்பந்தி பேரை நல்லாப் பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலை. அச்சகக்காரர் பார்த்தார்."

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.