பாலத்து ஏற்றத்தில் கழன்றுகொண்ட பல்சக்கரம்

அந்த மோட்டார் சைக்கிளை நான் வண்டி என்று சொன்னதே இல்லை. சனியன் என்றுதான் சொல்வேன். எஞ்சின் ஒரு கம்பெனி, சட்டம் வேறு கம்பெனி, பின்சக்கரம் எந்தக் கம்பெனி என்று அதைச் செய்தவனுக்கே மறந்திருக்கும். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்கள் கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தன. அங்கே பொறுக்கியதைச் சாக்கில் கட்டி ரயிலில் சிதம்பரம் கொண்டுவந்து, புவனகிரி போகிற சாலையில் வெள்ளாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் இருந்த அக்கா வீட்டுக் கொல்லையில் இறக்கினோம், நானும் மாமாவும்.

மாமா என்றால் அக்காவின் புருஷன். சண்டையின்போது பர்மாப் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அவர் அங்கே இருந்தபோதுதான் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. அப்பன் முகம் பார்க்காமலே அது போயும் விட்டது. திரும்பி வந்தவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. மலேயாவுக்கு ஆள் சேர்க்கிற ஒருவன் வந்து, பொங்கல் கழிந்ததும் நாகப்பட்டினத்தில் கப்பல், அங்கே லாரி ஓட்டும் வேலை நிச்சயம் என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தான். அக்கா மறுபடியும் மாசமாக இருந்தாள். தை பிறந்தால் எந்த நேரமும் வலி எடுக்கலாம்.

"இந்தத் தடவையும் நான் தனியாத்தான் கெடக்கணுமாடா?" என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் போகிறவர் சத்தமில்லாமல் போய்விடுவார் என்ற பயம் அவளுக்கு.

அவரை நிறுத்த ஒரே வழிதான் தெரிந்தது. சிதம்பரத்துப் பேப்பர் ஏஜெண்ட் ஒருவர், காலையில் பஸ்ஸுக்கு முன்னால் சேத்தியாத்தோப்புக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் கட்டுகளைக் கொண்டுசேர்க்க ஆள் தேடினார். சொந்த மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும், பெட்ரோல் கூப்பனை அவர் பார்த்துக்கொள்வார், பொங்கலுக்குள் வண்டியோடு வந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சனியன்.

எதுவும் எதிலும் பொருந்தவில்லை. எஞ்சினின் துளைகளும் சட்டத்தின் துளைகளும் ஒன்றையொன்று பார்க்கவே மறுத்தன. இரும்புத் தகட்டை வெட்டி, ராவி, நடுவில் கொடுத்து ஒருவழியாக உட்கார வைத்தோம். நட்டைப் போட்டால் இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும். போல்ட் இங்கிலீஷ் மரை, நட்டு அமெரிக்கன் மரை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, மரை கழன்றது எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒருவனை ஸ்பானரோடு துரத்தியும் இருக்கிறேன்.

பெரிய சிக்கல் செயினில் வந்தது. எஞ்சினிலிருந்து செயின் இடப்பக்கமாக வரும். பின்சக்கரத்தின் பல்சக்கரமோ வலப்பக்கம் இருந்தது. நான் சிதம்பரத்தில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன். முன்டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. இதையும் திருப்பி மாட்டினோம். பல்சக்கரம் இடப்பக்கம் வந்து, செயின் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. பின்பிரேக் மட்டும் கம்பி எட்டாத மறுபக்கம் போய்விட்டது. முன்பிரேக் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அக்கா சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. பாலத்து ஏற்றத்தில் மாமா முறுக்கினாரோ இல்லையோ, கடகடவென்று சத்தம் கேட்டது. செயின் அடிபட்ட பாம்பு மாதிரி ரோட்டில் விழுந்தது. போய்ப் பார்த்தால் பல்சக்கரம் பின்சக்கரத்தின் நடுக்குடத்து மரையிலிருந்து பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

மறுபடி இறுக்கினோம். சணல் சுற்றி இறுக்கினோம். மூன்று முழக் குழாயை நெம்புகோலாகப் போட்டு, நான் மேலே ஏறி நின்று இறுக்கினோம். ஒவ்வொரு தடவையும் அக்கா புதுப் பழம் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே ஏற்றத்தில் கழன்றது. தெருவில் கரும்பு விற்பனைக்கு வந்துவிட்டது. மாமா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் தகரப் பெட்டியை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டதை அவரும் கவனித்தார்.

"வுடு மச்சான். நம்மளால ஆனது அவ்ளோதான்."

"பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு மாமா."

"இருந்து இன்னா பண்ண?"

 கொல்லைக்குப் போய் அந்தச் சக்கரத்தை ஓங்கி உதைத்தேன். கால்தான் வீங்கியது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா கூஜாவில் காப்பி கொண்டுவந்தாள். மூடி இறுகிக்கொண்டிருந்தது. நான் மூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, அவள் கூஜாவைத் திருகினாள். மூடியை நான் திருப்பவே இல்லை, கூஜா திரும்பியதிலேயே அது கழன்று என் கையோடு வந்தது. காப்பியைக் குடிக்காமல் நான் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் பாரம் தாங்காமல் சக்கரம் திணறும், எஞ்சின் பல்சக்கரத்தை இழுக்கும். பல்சக்கரம் வலப்பக்கமே இருந்திருந்தால் அந்த இழுப்பே மரையை இறுக்கியிருக்கும். நாங்கள் திருப்பி மாட்டியதால் அதே இழுப்பு மரையைக் கழற்றிவிடுகிறது. நாங்கள் எவ்வளவு இறுக்கினாலும் எஞ்சின் தன் கையாலேயே அவிழ்த்துவிடும்.

மாமாவிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பெட்டியை மறந்துவிட்டுக் கொல்லைக்கு வந்தார்.

பல்சக்கரமும் சக்கரத்தின் குடமும் சேருகிற சந்தில், பாதி இதிலும் பாதி அதிலுமாகத் துளை போட்டு, எஃகு முளை அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று திரும்ப முடியாது. கைத்துரப்பணத்தில் அந்த இரும்பைத் துளைப்பதற்குள் உயிர் போய்விட்டது. அலகுகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. ஒடிந்த அலகின் துண்டுகளையே முளையாக அடித்தோம். அதைவிடக் கெட்டியான எஃகுக்கு நாங்கள் எங்கே போவது?

போகியன்று காலை, தெருவெல்லாம் புகை. பழையதைக் கொளுத்துகிற நாள், இன்று கழன்றால் இதையும் நெருப்பில் போட்டுவிடலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா பழத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மாமா உதைத்துக் கிளப்பிவிட்டார். ஏற்றம் வந்தது. முறுக்கினார். சத்தம் மாறவில்லை. பாலத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தார்.

நான் கத்திக்கொண்டு குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. எஞ்சின் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோயிற்று. திரும்பி வருகிற நேரமும் ஆகி, அதற்குமேலும் ஆகிவிட்டது.

"நல்லாத்தான் ஓடுது, இல்ல?" என்றாள்.

"ஓடுதுக்கா."

"எங்க வேணும்னாலும் போவலாம், இல்ல?"

இதிலேயே அவர் நாகப்பட்டினம் போய்விடலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைக் கட்டிவைக்கத்தான் இதைச் செய்தோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோர மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். 

வெகுநேரம் கழித்துப் பாலத்தின் மேல் அந்தச் சத்தம் கேட்டது. மாமா வந்து நிறுத்தினார். முகமெல்லாம் புழுதி, பல்லெல்லாம் சிரிப்பு. "சேத்தியாத்தோப்பு வரைக்கும் போயிட்டேன் மச்சான்! ஒரு நூல் அசையல!"

அக்கா எழுந்தாள்.  வண்டியின் முன்னால் போய்க் குனிய முடியாமல் குனிந்து, இந்தத் தடவை பாலத்தை அல்ல, வீட்டைப் பார்த்து நின்ற சக்கரத்தின் அடியில் பழத்தை வைத்தாள்.

"இப்ப ஏத்துங்க" என்றாள்.