அக்காவின் கார் எல்லாவற்றையும் மறந்த நாள்

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்கு அந்த யோசனை எனக்கு வந்தது. பாறசாலைக்குப் பக்கத்தில், உதியன்குளங்கரை சந்திப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டால், காரின் இஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் என்று ஒருவர் அதில் சொன்னார். இவ்வளவுதானா என்று துள்ளி எழுந்தேன். தலைவலி போன இடம் தெரியவில்லை.

வீட்டு ஷெட்டில் நின்ற கார் அக்காவுடையது. மாமா வெளிநாடு போகும்போது எங்களுக்கு விட்டுவிட்டுப் போன பழைய சின்ன கார் அது. அப்பாவுக்கு ரப்பர் வெட்டத் தெரியும், கார் ஓட்டத் தெரியாது. எனக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும், ஓட்ட லைசென்ஸ் கிடையாது. இஞ்சினீயரிங் இரண்டாம் வருடம் படிப்பவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? வீட்டில் லைசென்ஸ் எடுத்தவள் அக்கா மட்டும்தான். அதுவும் லேசில் கிடைக்கவில்லை. நட்ட கம்பிகளுக்கு நடுவே காரை 'எச்' வடிவில் ஓட்டிக் காட்டும் டெஸ்டில் இரண்டு தடவை கம்பியைத் தட்டி, ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டு வந்து, மூன்றாவது தடவை ஜெயித்தாள்.

அக்கா நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணி டியூட்டி. கார் ஓட்டத் தொடங்குவதற்கு முன்பு, ஐந்து மணிக்கே எழுந்து, குடையும் டார்ச்சுமாக ரப்பர் தோட்டத்து வழியில் நடந்து சந்திப்புக்குப் போய் பஸ் பிடிப்பாள். கார் அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. தாமதமாகிவிடக் கூடாது என்று காரிலிருந்த கடிகாரத்தை ஏழு நிமிடம் முந்தி வைத்திருந்தாள். அதற்கு 'என் மணி' என்று பெயர். அதை யாரும் தொடக்கூடாது.

அப்பாவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு முழுதாகப் பிடிக்கவில்லை. அம்பூரியிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஓட்ட ஒக்காதுண்ணா சொல்லிரு பிள்ளே, அம்பூரிக்காரனுக்குக் கொடுத்துரலாம்" என்று அப்பா அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

அந்த ஜூன் மழையில், ஷெட்டில் நின்ற காருக்குள் எலி புகுந்து இஞ்சின் பக்கத்து வயர்களைக் கடித்துவிட்டது. சந்திப்பில் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வந்து, கடிபட்டவற்றை ஒட்டி டேப் சுற்றிக் கொடுத்தார். கார் கிளம்பியது. ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் இஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு அணையவே இல்லை.

"லைட்டு அங்ஙனே கெடக்கட்டு. ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். "ஸ்கேனர் வேற பட்டறையில கெடக்கு. செவ்வாய்க்கிழமை கொண்டு வா, நான் நோக்கீட்டு அழிக்கேன். அதுவரை ஒண்ணையும் தொடாண்டாம், கேட்டியா?"

கடைசிக் கேள்வி என்னைப் பார்த்துத்தான். அவருக்கு என்னைத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வரை யார் காத்திருப்பது? பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினேன். பதினைந்து நிமிடம் போதும் என்று வீடியோ சொன்னது, நான் இருபது நிமிடம் வைத்தேன். திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது. ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்து உறுமவிட்டேன். மஞ்சள் விளக்கு இல்லை! ஷெட்டிலேயே குதித்தேன்.

ஆராதனை முடிந்து வந்த அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன்.

"எலே, உள்ளதா?" என்று கண்ணை அகல விரித்தாள். "அப்போ நம்ம வீட்டில ஒரு இஞ்சினீயர் உண்டு ஆக்கும்!"

பிறகு அவள் முகம் மாறியது. கரண்ட் போனதில் கடிகாரமும் பன்னிரண்டிலிருந்து புதிதாகத் தொடங்கி, ஒரு மணி என்று காட்டியது.

"என் மணிய என்னலே செய்தா?"

"அது சும்மா அக்கா, வச்சுக்கிடலாம்" என்றேன். எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை நானும் அவளோடு காரில் ஏறினேன். நெய்யாற்றின்கரையில் எனக்குக் காலேஜ் பஸ். வீட்டு வாசலில் ஒரு தடவை இஞ்சின் அணைந்தது. வளைவில் பிரேக் பிடித்தபோது இன்னொரு தடவை. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் போதும், கார் இரண்டு நடுக்கம் நடுங்கி அணைந்துவிடும். கடைசியில், உள்ரோடு மேடேறி நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில், நடுவழியில் நின்றுவிட்டது. கிளப்புவாள், அணையும். கிளப்புவாள், பின்னால் ஓர் அடி உருளும், அணையும். பின்னால் ஒரு சர்க்கார் பஸ், அதற்குப் பின்னால் ஸ்கூல் வேன். ஒரே ஹாரன். ஒருவன் பைக்கை ஓரமாகக் கொண்டுவந்து, "சேச்சி, வண்டி வீட்டில வச்சிட்டு நடந்து போ!" என்று கத்திவிட்டுப் போனான்.

அப்போது நான் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"கிளட்ச்ச பைய விடு அக்கா. ஒனக்கு இன்னும் அது சரியா வரல்ல."

சனிக்கிழமை வரை அதே கிளட்சை அதே மேட்டில் அவள் அழகாக விட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். நடுவில் காரில் கைவைத்தவன் யார் என்பதும் தெரியும். காரணம் புரியவில்லையே தவிர, சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.

ஆட்டோக்காரர்கள் வந்து காரைத் தள்ளிக்கொண்டு போய், இன்னும் திறக்காத பட்டறையின் முற்றத்தில் விட்டார்கள். அக்கா சாவியை என் கையில் வைத்துவிட்டு, யூனிஃபார்மில் பட்ட சேற்றைத் துடைத்தபடி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "எனக்கு இது வராதுப்பா. கொடுத்துருங்க" என்றாள். அப்பா உடனே அம்பூரிக்காரருக்குப் போன் போட்டார். புதன்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். நான் சோற்றைத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அக்கா டார்ச்சைத் தேடும் சத்தம் கேட்டது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அப்பாவும் நானும் பட்டறைக்குப் போனோம். விற்பதற்கு முன் பழுது பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். எலக்ட்ரீஷியன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். திரையைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் செருகினார்.

"இதில ஒண்ணும் இல்லியே. ஆரு அழிச்சது?"

"ஆரும் தொடல்லியே" என்றார் அப்பா.

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்க்கவில்லை, பேட்டரியைத்தான் பார்த்தார். நட்டின் மேல் புதிதாக ஸ்பேனர் வழுக்கிய கீறல் பளபளவென்று இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தான்" என்றேன்.

"கொள்ளாம், நல்லா செய்தா!" என்று கை தட்டினார். "எந்த வயருல தகராறுண்ணு இது குறிச்சு வச்சிருக்கும் மக்கா. நீ அந்த சீட்டையே கிழிச்சுப் போட்டிருக்கா. இனி நான் ஒண்ணொண்ணா தடவிப் பாக்கணும்." தடவித்தான் பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து, டேப்புக்கு உள்ளேயே பாதி கடிபட்ட இன்னொரு வயர் கிடைத்தது. விளக்கு அணைந்துவிட்டதென்று நான் குதித்தபோதெல்லாம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

கார் அணைந்ததற்கு அது காரணமில்லை என்றார். காரணம் வேறு. இந்த இஞ்சின் பழசு, உள்ளே கரி படிந்தது. சும்மா நிற்கும்போது அணையாமலிருக்க எவ்வளவு காற்று விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் நாளாக ஆகத் தானே பார்த்துப் பார்த்துப் படித்து வைத்திருக்கும். யார் ஓட்டுகிறார்களோ அவர்களுடைய மிதிக்கும் கொஞ்சம் பழகியிருக்கும். நான் வயரைக் கழற்றியதும் எல்லாம் போய்விட்டது. புதுக் காருக்கு உரிய கணக்கை வைத்துக்கொண்டு பழைய இஞ்சினை அணையாமல் ஓடவைக்கப் பார்த்தது, முடியவில்லை. நான் உறுமவிட்டது அதற்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டுமாம். பிறகு ஏ.சி. போட்டுக் கொஞ்ச நேரம். அதன் பிறகு நிறுத்தியும் எடுத்தும் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் திரும்பப் படித்துக்கொள்ளுமாம்.

"அப்போ அந்தப் பிள்ளைக்க தப்பு ஒண்ணும் இல்லியா?" என்று அப்பா கேட்டார்.

"அவளுக்க தப்பா? அந்த வண்டிய மேடு வரைக்கும் கொண்டு வந்ததே பெரிய காரியம். நானாட்டு இருந்தா வாசல்லயே விட்டிருப்பேன்."

மூன்று மணிக்கு டியூட்டி முடிந்து அக்கா சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எங்களைப் பார்க்காதவள்போல ரோட்டைக் கடந்தாள். நான் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை செய்தது, சந்தேகம் வந்தும் வாயைத் திறக்காதது, எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். நல்ல அடி கிடைக்கும் என்று நினைத்தேன். அவள் குடையை மடக்கிக்கொண்டே கேட்டாள்:

"வயரக் களத்தினது கெடக்கட்டு. கிளட்ச்ச பைய விடுண்ணு சொன்னியே, அது எதுக்குலே?"

அவள் குடையை வாங்கிக்கொண்டு, பட்டறைக்குக் கூட்டிப் போனேன்.

தானே ஓட்டிச் சரிசெய்து தருவதாக எலக்ட்ரீஷியன் சொன்னார். அக்கா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். "மொதல்ல அதப் படிப்பிச்சது நான். நானே படிப்பிக்கேன்."

பட்டறை முற்றத்தில் கார் பத்து நிமிடம் தனியாக ஓடியது. நடுங்கியது, இருமியது, அணையவில்லை. நாங்கள் நால்வரும் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அக்கா ஓட்ட, பின்சீட்டில் அப்பாவும் நானுமாக ஆரியங்கோட்டுப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் ரப்பர், ஈரமான ரோடு, எதிரில் வண்டி குறைவு. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினாள், எடுத்தாள். முதலில் மூன்று தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவையும், ஊசி போடும்போது குழந்தைகளிடம் பேசும் குரலில், "சாரமில்ல, சாரமில்ல" என்று காரைத் தேற்றினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

திரும்பும்போது, யாரும் சொல்லாமலேயே அதே மேட்டுக்குக் கொண்டுவந்தாள். நடுவழியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். இஞ்சின் ஒரு தடவை தாழ்ந்தது. பிறகு அது தானே நிமிர்ந்து, தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டு" என்றாள் அக்கா. அப்பா பின்சீட்டில் போனை எடுத்து, "நாளைக்கு வராண்டாம். வண்டி கொடுக்கல்ல" என்று அம்பூரிக்காரரிடம் சொன்னார்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அக்கா சொன்னாள்: "எலே இஞ்சினீயரே, முன்னாடி வந்து என் மணிய வை. ஏழு மினிட்டு கூட்டி வைக்கணும்."

அக்கா இப்போது வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கமாம், ரோட்டில் வலது பக்கமாகப் போக வேண்டுமாம். முதல் தடவையிலேயே டெஸ்ட் ஜெயித்தாள். நானும் லைசென்ஸ் எடுத்துவிட்டேன், அந்தக் கார் என் கையில்தான். அவள் கால் பழக்கிய பழக்கமெல்லாம் எப்போதோ போய் என் பழக்கம் ஏறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடிகாரம் இன்னும் ஏழு நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. வீடியோ காலில் கார் கண்ணில் பட்டால், "என் மணி எத்தற ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்பாள்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கறுப்பு வயரை யாரும் கழற்றவில்லை. இப்போது பேட்டரியே ஓய்ந்துவிட்டது. காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது. கிறிஸ்மஸுக்கு அக்கா லீவில் வருகிறாள், அதற்குள் மாற்றியாக வேண்டும். வேறொரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு வயரால் இணைத்து, ஒரு நொடிகூடக் கரண்ட் போகாமல் மாற்ற ஒரு வழி இருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன், இந்தத் தடவை செய்வதற்கு முன்பே. வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போய்வந்த பிறகு, செய்து பார்க்கப் போகிறேன். ஒருவேளை கை தவறி எல்லாம் அழிந்துபோனால், யாரும் கேட்பதற்கு முன்னால் நானே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.