இடது பக்கத்து ஆறாம் பட்டை

என் மனைவி நீர்கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறாள். நான் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் இருக்கிறேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. முதுகில் ஒப்பரேஷன் முடிந்ததும் ஒரு மாதம் ஓய்வெடுக்கிறேன் என்று போனவள், போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. குலுக்கல் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீடு களப்பு ஓரத்தில், பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது. கடைக்கோ கிளினிக்குக்கோ போவதென்றால் என் பிக்கப்பில்தான் போக வேண்டும். த்ரீவீல் அதைவிட மோசம். பிக்கப்போ மீன் ஏற்ற வாங்கியது. பெட்டியில் கிடக்கிற மீனுக்கு முதுகு நோவதில்லை.

தனியாக இருப்பது எனக்குச் சரிவராது. நான் வாய் ஓயாதவன். மீன் ஏற்றப் போகிற ஆலங்குடாவில் தோணிகள் கரைக்கு வரும்வரை நின்று, போகிறவன் வருகிறவன் எல்லாரிடமும் அலட்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் எல்லாம் அடங்கிவிடும். கதவைத் திறந்ததும் ஸலாம் சொல்கிறேன், பழக்கதோஷம். பதில் சொல்ல ஆளில்லை. பகலில் பாணும் சம்பலும், இரவில் மிச்சப் பாணும் முட்டையும். அவளுடைய கதிரையில் என் சாரங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. உடுப்பு மடிக்க எனக்குப் பொறுமை இல்லை என்று அவள் சொல்வாள். அதில் பொய் இல்லை.

ஒரு நாள் மகள் ஃபோனில், "வாப்பா, உம்மாக்கு வர ஆசதான். அந்த வாகனத்த நினைச்சாத்தான் பயப்படுறா" என்றாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "பன்னிரண்டு வருஷமா ஏறின வாகனம், இப்ப என்ன புதுசாக் கடிக்குதா?" என்று கேட்டேன்.

ஃபோனை வைத்த பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. இவள் இனி வராமலே இருந்துவிடக்கூடும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு உறைத்தது. அவளை வரச் சொல்லிக் கெஞ்ச எனக்கு வாய் வராது. ஆனால் வாகனத்தைத் திருத்தலாம். அது எனக்குத் தெரிந்த வேலை.

முதலில் நானே சோதித்துப் பார்த்தேன். இடது பக்கத்துச் சீட்டில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, புத்தளத்திலிருந்து பாலாவி வரை ஓட்டினேன். போய்ச் சேரும்போது சட்டியில் பாதிதான் இருந்தது, சீட்டு நனைந்து ஊறிவிட்டது. அப்படியே திரும்பி வந்து, தில்லையடியில் நான் வழமையாகப் போகிற கராஜில் நிறுத்தினேன். அங்கே வேலை செய்கிற மெக்கானிக் பாஸ் என்னைவிட வயதில் இளையவர், அண்ணன் முறையில் என்னை நானா என்பார். வாயைத் திறந்தாலே நக்கல்தான்.

"நானா, சட்டிக்கு முதுகெலும்பு இல்ல. ஆள் இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"நான்தானே ஒவ்வொரு நாளும் இருந்து ஓட்டுறன். எனக்கு ஒன்டும் செய்யல்லையே."

"நீங்க இருக்கிறது வலது பக்கம். இறங்குங்க. நான் ஓட்டுறன், நீங்க அங்கால இருங்க."

யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் என் வாகனத்தின் இடது சீட்டில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஈரச் சீட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். நான் ஓட்டுகிற மாதிரியே ஓட்டுங்கள் என்று பாஸிடம் சொன்னேன். கொஞ்ச தூரத்தில், ஒடுக்கமான பாதையில் எதிரே பஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கு வழி விடுவதென்றால், இடது சில்லுகளைத் தாரிலிருந்து மண்ணில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓட்டுகிறவனுக்கு அது ஒரு சின்னச் சாய்வு, அவ்வளவுதான். அன்றைக்கு என் இடுப்பில் உலக்கையால் இடித்ததுபோல இருந்தது. தாருக்கு மறுபடி ஏறும்போது இன்னொரு இடி. கை தானாக எழுந்து கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பற்றியது. அந்தப் பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. அது என் கை தேய்த்தது இல்லை.

"மெல்லப் போங்க பாஸ்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று தெரிந்தது. அவள் அந்தச் சீட்டில் இருந்து அதையே சொல்லிக்கொண்டு வருவாள். "மீன் பழுதாப் போயிடும்" என்பேன் நான். பின்னால் மீனே இல்லாத நாட்களிலும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், பகிடியாக. அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கராஜுக்குத் திரும்பியதும் பாஸ் வாகனத்தை ஜாக்கில் உயர்த்திவிட்டுக் கீழே போனார். நானும் குனிந்து பார்த்தேன். பின்சில்லுகளுக்குப் பக்கத்தில் வில்போல வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவை ஒன்றோடொன்று வழுக்கி அசைந்தால்தான் குலுக்கலைத் தாங்கும். உப்புக் காற்றும், ஐஸ் உருகி வடிகிற மீன் தண்ணீரும் பட்டுப் பட்டு, என்னுடையவை துருவேறி ஒரே கட்டையாக ஒட்டிப்போயிருந்தன. சொக் அப்சோபரில் எண்ணெய் எப்போதோ வடிந்துபோயிருந்தது. ரப்பர் புஷ்கள் தொட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன.

"நானா, வலதுல அஞ்சு பட்ட, இடதுல ஆறு. இது ஆர் செஞ்ச வேல?" என்று கீழேயிருந்து கேட்டார்.

நான்தான். எங்கள் பக்கத்து மீன் வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. ஓயாமல் மண்ணில் இறக்கி ஏற்றுவதில் பாரம் இடது பக்கம் சரியும். உருகிய தண்ணீரும் அந்தப் பக்கமே சேரும், நாளடைவில் வாகனம் இடது பக்கம் படுத்துவிடும். அதை நிமிர்த்துவதற்கு இடது பக்கத்தில் மட்டும் ஒரு பட்டை கூடுதலாகப் போடுவோம். வாகனம் நிமிர்ந்து நிற்கும், பெட்டி சரியாது. அந்தப் பட்டைக்கு மேலே யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்று நான் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருந்தால் நான் மனுஷன். நான் மீனை நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் வேலை தொடங்கியது. ஆறாம் பட்டையைக் கழற்றினார். மற்றவற்றின் துருவைச் சுரண்டி, ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து அடுக்கினார். நாலு சில்லுக்கும் புது சொக், புது புஷ். டயரில் நான் கல்லுமாதிரி அடித்து வைத்திருந்த காற்றையும் குறைத்தார். அஸர் தொழுகைக்கு முன் வாகனம் கைக்கு வந்துவிட்டது. மறுபடி என்னை இடது பக்கத்தில் இருத்தி ஓட்டிக் காட்டினார். சில்லு மண்ணில் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன், இடுப்பு அறியவில்லை.

முன்னைப்போலப் பாரம் ஏற்ற முடியவில்லை. மூன்று பெட்டி குறைத்துத்தான் ஏற்றினேன். "நானா, இது மீன் வண்டியா, மாப்பிள்ள வண்டியா?" என்று ஆலங்குடாவில் கேட்டுச் சிரித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை வாகனத்தைக் கழுவி, மீன் வாடை போக சுண்ணாம்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்து, நீர்கொழும்புக்கு ஓட்டினேன்.

அவள் ஒரு தலையணையோடு வெளியே வந்தாள். "சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வருவம்" என்றேன். முதுகுக்குத் தலையணையை வைத்து ஏறி உட்கார்ந்ததும் அவள் கை மேலே பிடிக்குப் போனது. கொஞ்ச தூரம் போய், வேண்டுமென்றே இடது சில்லைத் தாரிலிருந்து இறக்கினேன். அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். இடி வரவில்லை. இரண்டாம் தரமும் இறக்கினேன். பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்க, என்ன செஞ்சீங்க இதுக்கு?"

அவ்வளவு நாளும் கதைக்க ஆளில்லாமல் கிடந்தவனுக்கு அது போதாதா? பட்டை, சொக், புஷ், காற்று என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆறாம் பட்டையைப் பற்றியும் சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைக்க எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தின நாள் எடுத்திச்சு?" என்றாள்.

"ஒரு நாள். காலைல குடுத்தன், அஸருக்கு முந்தித் தந்துட்டான்." பாஸின் கெட்டித்தனத்தைச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாள்" என்றாள் அவள்.

பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். மகள் வீட்டு கேற்றடியில் நிறுத்தி, "வாறியா வீட்ட?" என்று கேட்டேன்.

"முதுகு இப்ப நல்லம்" என்றாள். "வாறதப் பத்தி நான் யோசிக்கணும்." தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சிலாபம் தாண்டி, முந்தல் தாண்டி வீடு வரை தனியாக ஓட்டினேன். எங்கேயும் ஒரு குலுக்கலும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளை எடுத்து அவளுக்குக் கொடுக்க எனக்கு முடியாமல் போனதை நினைத்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தேன், ஸலாம் சொல்ல வாய் வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். அவள் ஏறுகிறாள், தலையணை கொண்டுவருவதில்லை. புத்தளம் பாதையில் வீட்டுப் பக்கமாக ஓட்டுகிறேன். முதல் வாரம் கொச்சிக்கடைப் பாலத்தடியில் திருப்பச் சொன்னாள். பிறகு இன்னும் தள்ளி வென்னப்புவ. நான் எதுவும் கேட்பதில்லை, மெல்ல ஓட்டுகிறேன். போன ஞாயிறு அதையும் தாண்டி மாரவில வரை வந்தாள். அங்கே சந்தியில் கொஞ்ச நேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன்.