மாங்குயிலுக்கு ஒரு சிவப்பு டிக்

என் மாமா கிட்டத்தட்ட ஒரு வருஷம் பேசினார். அதற்கு முன்னால் அவர் பேசி யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் இல்லை. அந்த ஒரு வருஷத்தை முடித்து வைத்தவள் நான். அதனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா இல்லையா என்பது தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அம்மாவுக்கு அண்ணன் அவர். விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பு. பொம்மைகளை அடுக்கி, கதவை மூடி, நெருப்பை ஏற்றி, பிறகு அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் மாமா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டவர் மாதிரியே உட்கார்ந்திருப்பார். அத்தை அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதினாள். பிரஷை ஒரு தடவை வைத்து ஒரு தடவை இழுப்பாள், மண் பொம்மை நம்மைத் திரும்பிப் பார்க்கும். அவளுக்குப் பேச்சென்றால் உயிர். "இந்த வூட்டுல எனக்கு பதில் சொல்றது குக்கர் மட்டுந்தான்" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசியதில் பாதிகூட அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசியிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் வந்த பொங்கலுக்கு, மங்கலம்பேட்டையிலிருந்து மாமாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவர். எல்லோருக்கும் சென்ட் பாட்டில் கொடுத்தார். சென்ட் பூசிக்கொண்டு சூளை முன்னால் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, மாமாவுக்கு மட்டும் ஒரு பைனாகுலர். அவர் போனதும் மாமா அதைக் கண்ணில் வைத்துப் பின்பக்கத்து மாமரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இங்க வந்து பாரேன், இத்தனூண்டு குருவி, தலையில செங்கல் கலரு" என்றார். அத்தை கையில் இருந்த கரண்டியோடு ஓடி வந்தாள். குருவியைப் பார்க்க அல்ல, மாமா கூப்பிட்டதற்காக. இதைச் சொல்லும்போது இப்போதும் அவள் முகம் மாறும்.

அப்படித்தான் அது தொடங்கியது. மாமா கடலூர் போனபோது படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். நீளமான நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, இடம், பறவையின் பெயர், கடைசியில் இரண்டு சின்னக் கட்டம். முதல் கட்டத்தில் மாமா நீலப் பேனாவால் டிக் போடுவார். இரண்டாவதில் அத்தை சிவப்புப் பேனாவால். இரண்டு பேரும் பார்த்தால்தான் பறவை நோட்டில் ஏறும். ஒருவர் மட்டும் பார்த்தது சேராது. அடுத்த பொங்கலுக்குள் நூறு என்று மாமா சொன்னார். சூளையில் இத்தனை டிகிரி என்று வைப்பது போலத்தான் அதையும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஏறுவோம். நானும் போவேன். எனக்குப் பறவையைவிட இறங்கும் இடத்தில் கிடைக்கும் போண்டாதான் முக்கியம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கரும்பு வயல்களைத் தாண்டி ஏரிக்கரையில் நடப்போம். மாமா பேசிக்கொண்டே வருவார். முக்குளிப்பான் தண்ணீருக்குள் போனால் எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டுவார். ஆள்காட்டிக் குருவி கத்துவது மாதிரி கத்திக் காட்டுவார். கொக்குக்கும் நாரைக்கும் கழுத்தில் என்ன வித்தியாசம் என்று அத்தையோடு சண்டை போடுவார். சாயங்காலம் வீட்டுப் பின்பக்கம் இரண்டு நாற்காலி போட்டு மாமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். தேன்சிட்டு, செம்போத்து, கரிச்சான் எல்லாம் அங்கேயே நோட்டில் ஏறின. தெருவில் போகிறவர்கள், "என்னா, மரத்துல சினிமா காட்டுறானா?" என்று கேலி செய்வார்கள். அத்தை, "ஆமா, டிக்கெட்டு வேணுமா?" என்பாள்.

ஆடி மாதம் அத்தை வேலையை விட்டாள். கழுத்து வலி என்றாள். யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை, குனிந்து குனிந்து கண் எழுதுகிறவளுக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு ஏரிக்கரையில் நடக்கும்போது அவள் கை என் தோள் மேல் இருக்கும். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா ஒரு மரத்தைக் காட்டி பைனாகுலரை அவளிடம் நீட்டுவதற்குள் என் காதருகே குனிந்து, "எங்க உக்காந்திருக்கு? என்னா கலரு?" என்பாள். நான் சொல்வேன். அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்து, "ம்… பாத்துட்டேங்க. முதுகு பச்ச, தொண்ட நீலம்" என்று நான் சொன்னதையே மாமாவிடம் சொல்வாள். பக்கத்துப் பெஞ்சுப் பெண் காப்பியடிக்கும்போது வரும் அதே எரிச்சல் எனக்கு வரும். அவளுடைய சிவப்பு டிக்குகளும் கட்டத்துக்குள் நிற்காமல் பறவையின் பெயர் மேலே ஏறிக்கொண்டன. "அத்தை, டிக்கு கட்டத்த வுட்டு ஓடுது" என்றேன் ஒருநாள். "குருவி பறக்குது இல்ல? அதோட டிக்கும் பறக்குது" என்றாள். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீபாவளிக்குப் பிறகு எண்ணிக்கை தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் நான் மாங்குயிலைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மாமா வீட்டு மாமரத்திலேயே. உடம்பெல்லாம் மஞ்சள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. புத்தகத்தில் அத்தைக்கு ரொம்பப் பிடித்த படம் அதுதான். ஓடிப்போய்ச் சொன்னேன். இருவரும் வெளியே வருவதற்குள் அது போய்விட்டது. "நெசமாவே பாத்தியா பாப்பா?" என்றார் மாமா. சத்தியம் செய்தேன். "ரெண்டு பேரும் பாக்கல, அதனால சேராது" என்றார். என்னை நம்பாமல் அல்ல, விதி அது. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் ஒரு மாங்குயிலைப் பார்க்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கம்பெனியில் மரக்கட்டை மேல் உட்கார்ந்த மஞ்சள் குருவி பொம்மை ஒன்று செய்வார்கள். கறுப்பு இறக்கை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. அந்தக் கோட்டையும் கண்ணையும் எழுதியவள் அத்தை. எத்தனை நூறு எழுதியிருப்பாளோ. சூளையில் விரிசல் விட்டு விற்பனைக்கு ஆகாமல் போன பொம்மைகள் மாமா வீட்டுப் பின்பக்கம் ஒரு சாக்கில் கிடந்தன. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருவரும் அசந்து தூங்கிய நேரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினேன். அது கீழே விழாமல் சணல் கயிற்றால் கிளையில் கட்டி, கயிறு தெரியாதபடி இலைகளை இழுத்துவிட்டேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டைப் படிப்பில் பட்டிருந்தால் இன்று வேறு எங்கோ இருந்திருப்பேன்.

சாயங்காலம் நாற்காலிகள் வந்தன. நோட்டும் பேனாக்களும் வந்தன. கொஞ்ச நேரம் விட்டு, "மாமா, அங்க பாருங்க, மஞ்சளா" என்றேன். மாமா பைனாகுலரை எடுத்தார். ஒரே ஒரு நொடி. சூளையிலிருந்து தன் கையால் இறக்கி வைத்த பொம்மை அவருக்குத் தெரியாதா? திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க பாரு, உன் மாங்குயிலு" என்று பைனாகுலரை அத்தையிடம் கொடுத்தார். அவள் இப்போது, "அட கழுதைங்களா" என்று எங்கள் இருவரையும் திட்டப்போகிறாள் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அத்தை பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "மாங்குயிலேதான். கண்ணுகிட்ட கறுப்புக் கோடு. எவ்ளோ அழகா இருக்குது! வாலை ஆட்டுது பாருங்க. சத்தம் போடாதீங்க, பறந்துடும்."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பைனாகுலரை இறக்கி, மடியில் இருந்த நோட்டைத் தடவி, சிவப்புப் பேனாவை எடுத்து டிக் போட்டாள். மாமா இன்னும் பெயரே எழுதியிருக்கவில்லை. வெறும் தாளில், கோட்டுக்கும் கட்டத்துக்கும் வெளியே, ஓரத்தில் போய் விழுந்தது அந்த டிக்.

எனக்கு வாய் துடித்தது. மாமா என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற மாதிரி. விளையாட்டை இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. "அத்தை, அது பொம்மை! நம்ம கம்பெனி பொம்மை! நான்தான் கட்டி வெச்சேன்!" என்று குதித்தேன். அதோடு விட்டேனா? மரத்தில் ஏறி, கயிற்றை அவிழ்த்து, அதைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். "வாலை ஆட்டுதாம், வாலை!" என்று இடுப்பை ஆட்டிக் காட்டினேன்.

அத்தை பொம்மையைக் கட்டைவிரலால் தடவினாள். "அட, நம்ம குருவியா" என்று சிரித்தாள். என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். "நல்லா ஏமாத்திட்ட போ" என்றாள். அவள் சிரித்ததால் நான் இன்னும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அவர் அவள் மடியிலிருந்து நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நிதானமாக, ஒவ்வொரு சிவப்பு டிக் மேலும் விரலை வைத்து. அத்தையின் சிரிப்பு நின்றது. எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

அடுத்த நாளே மாமா அவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சர்க்கரை கண்ணுக்குள் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். இருந்த கொஞ்ச வெளிச்சமும் அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விட்டது. மாமா பைனாகுலரை மங்கலம்பேட்டைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமான பிறகு, ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஏன் அத்தை அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போயிருப்பாரு. அப்புறம் ஏரிக்கு எங்க போறது? எத்தினி வருஷம் கழிச்சு வாயத் தொறந்த மனுஷன். பொங்கல் வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன். இன்னும் மூணுதானே பாக்கி" என்றாள்.

மூன்று பறவை. பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், மாமா ஏதாவது சாக்குச் சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார். அவள் பிடிபட்டவள் மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டியதில்லை. அவர் தலையாட்டியது அதற்குத்தான். இப்போதும் அத்தை பின்பக்கம் உட்கார்ந்து குரலை வைத்தே, "செம்போத்துங்க… அந்தப் பக்கம் தேன்சிட்டு" என்று சொல்கிறாள். பக்கத்தில் மாமா "ம்" என்கிறார். அவள் மனைவியாக வந்த நாள் முதல் கேட்ட அதே "ம்".

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியவில்லை. திருட்டு டிக் எது, நல்ல டிக் எது என்று மாமா பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார் என்றே நினைத்தேன். அவர் புரட்டிப் புரட்டி, சிவப்பு டிக்குகள் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்ததும் நின்றார். வைகாசி மாதத்துப் பக்கம் அது. அதிலேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அதற்குப் பிறகு இருந்த பறவைகளையெல்லாம் அடித்துவிடப்போகிறார் என்று பயந்து, "மாமா, அதெல்லாம் நெசம் மாமா, நானே பாத்தேன்" என்று கெஞ்சினேன். உள்ளே அடுப்படியில் அத்தை ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். இவ்வளவு தூரம் வந்து நூறு போச்சே என்று அழுதுகொண்டே நான் வீட்டுக்குப் போனேன்.