பழனியம்மாளின் சில்லிட்ட கை

நரம்பு டெஸ்ட் எடுக்கும் டெக்னீஷியனாக கோவையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கையில் சின்னதாக ஷாக் கொடுத்து, நரம்பு வழியே அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மெஷினில் அளக்க வேண்டும். திரையில் அது அலைக்கோடாக வரும்; 'வேவ்' என்போம். பொள்ளாச்சியிலிருந்து சுகன்யா வந்து சேரும்வரை அந்த லேபில் எனக்குப் போட்டி கிடையாது.

அவள் வந்த மூன்றாம் மாதமே டாக்டர், "சரசு, இந்தப் புள்ள எடுத்த வேவைப் பாருங்க, எத்தனை சுத்தமா இருக்குது!" என்று என்னிடமே காட்டினார். எனக்குப் பொறாமைதான், வேறென்ன? அவள் ஊரிலிருந்து கொண்டுவந்து நீட்டிய தேங்காய் பர்பியைக்கூட நான் தொடவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் சென்னிமலையிலிருந்து பழனியம்மாள் என்ற நெசவுக்காரம்மா வந்தார். விரல் மரத்துப்போகிறதாம். ஏசி அறையில் ஒரு மணி நேரம் காத்திருந்தவரை நான்தான் கைபிடித்துப் படுக்கவைத்தேன். கை சில்லிட்டுக் கிடந்தது. தோலில் முப்பத்திரண்டு டிகிரியாவது சூடு இல்லையென்றால் நல்ல நரம்பும் மந்தமாகத்தான் காட்டும். வேவ் மட்டும் பெரிதாக, அழகாக வரும். சுகன்யா சூடு பார்க்க மறந்து டெஸ்டை ஆரம்பித்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் கண்டுபிடித்து நாலு வார்த்தை திட்டட்டும் என்று இருந்தேன்.

அவர் சூட்டைப் பற்றிக் கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. "எல்லா நரம்புலயும் வேகம் கொறைஞ்சிருக்குதுங்கம்மா. இனி தறி வேலை வேண்டாமுங்க" என்றார்.

"ஏனுங்க, தறிய உட்டுப்போட்டு நான் எப்புடிங்க பொழைக்கறது?" என்று பழனியம்மாள் அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "கை சில்லுனு இருக்குதுங்க டாக்டர். சூடு பண்ணி இன்னொருக்கா எடுத்துப் பார்க்கலாமுங்க."

வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். மணிக்கட்டில் ஒரு நரம்பு மட்டும் லேசாக அழுந்தியிருந்தது. மற்றதெல்லாம் நார்மல். கொஞ்ச நாள் பட்டை கட்டிக்கொண்டு தறிக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"இதுக்குத்தானுங்க சர்வீஸ் வேணுங்கறது!" என்று எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். மாதக்கணக்காக நான் ஏங்கிய பேச்சு. காதில் விழுந்தபோது கூசியது.

சுகன்யா எலக்ட்ரோடைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அவங்களைக் கைபிடிச்சுப் படுக்க வெச்சது நீங்கதானுங்களே?"

நான் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் டெஸ்டுக்கு முன் கையைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் மறந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒருவரை அழவிட்டுச் சொன்ன எனக்குப் பாராட்டு கிடைத்தது. சுகன்யா அதற்கப்புறம் என்னிடம் பர்பி நீட்டவே இல்லை.